வியாபாரத்தில் நீதி: கிறீஸ்தவமும் யூதமும் இஸ்லாமும் போதிப்பது என்ன?

"வியாபாரம் வேறு, வேதம் வேறு" என்று சொல்வோர் நம்மிடையே பலர் உளர். ஞாயிறு பூசைக்குத் தவறாது போவார்கள். தவக்காலத்தில் ஒருசந்தி பிடிப்பார்கள். கோயில் திருநாளுக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் வேறொரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. "இப்படிச் செய்யாவிட்டால் பிழைக்க முடியாது" என்பதே அந்தச் சட்டம்.

இந்த எண்ணம் சரியானதா? ஆபிரகாமைத் தங்கள் விசுவாசத் தந்தையாக ஏற்றுக்கொள்ளும் மூன்று மதங்கள் உலகில் உள்ளன. யூதம், கிறீஸ்தவம், இஸ்லாம் என்பனவே அவை. கோட்பாட்டில் இவற்றிடையே பெரிய வேறுபாடுகள் உண்டு. ஆயினும் கடைத்தராசு, கூலிக்காரன் சம்பளம், கடன்காரன் கண்ணீர் ஆகிய மூன்றைப் பற்றி இவை வியக்கத்தக்க விதமாய் ஒத்த குரலில் பேசுகின்றன. மற்ற மதத்தவரை மதித்து அறிந்துகொள்ளும்படி இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட பிரகடனத்தில் நம்மை அழைத்தது. அந்த அழைப்பை ஏற்று, இம்மூன்று மதங்களும் வியாபார நீதிக்கு இட்ட அத்திவாரம் யாதென இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. அத்திவாரம்: பொருள் யாருடையது?

மூன்று மதங்களுக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றே. உலகமும் அதிலுள்ள யாவும் இறைவனுக்குச் சொந்தம். மனிதன் அவற்றின் உரிமையாளன் அல்லன், பொறுப்பாளன் மட்டுமே.

பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், நிலம் தம்முடையதென்றும் இஸ்ராயேல் மக்கள் அதில் தங்கியிருக்கும் அந்நியர் போன்றவர்களென்றும் ஆண்டவர் அறிவிக்கிறார். நமதாண்டவர் யேசுநாதரும் தாலந்துகளின் உவமையிலும், அநீதியான காரியஸ்தனின் உவமையிலும் மனிதனைக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய ஊழியனாகவே காட்டுகிறார். இஸ்லாமும் மனிதனைப் பூமியில் இறைவனின் பிரதிநிதி என்றும், செல்வத்தை அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றும் போதிக்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாகவே பிறக்கிறது. பொருள் என்னுடையதே என்றால், அதை எப்படி விற்றாலும் கேட்பாரில்லை. பொருள் வேறொருவருடையது, நான் அதன் பாதுகாவலன் என்றால், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் கணக்குக் கேட்கப்படும். யூத மறைவல்லுநர்களின் போதனைகளைத் தொகுத்த தல்மூத் என்னும் நூலில் இதுபற்றி ஒரு கருத்து உண்டு. இறந்தபின் மனிதன் தீர்ப்புக்குக் கொண்டுவரப்படும்போது, அவனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாய் நடந்தாயா என்பதேயாம். வேதம் படித்தாயா என்ற கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது.

2. தராசும் படியும்

கள்ளத் தராசு இறைவனுக்கு அருவருப்பானது என்பது நீதிமொழி ஆகமத்தின் போதனை. உபாகமம் 25ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவன் தன் பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கவே கூடாது என்கிறது. வாங்குவதற்கு ஒரு கல், விற்பதற்கு வேறொரு கல் என்ற ஏமாற்று அக்காலத்திலும் இருந்தது. ஏமாற்றியது மட்டுமல்ல, ஏமாற்றும் கருவியை வைத்திருப்பதே பாவம் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் நீதியான எடைபற்றிய கட்டளையோடு, எகிப்திலிருந்து உங்களை மீட்டவர் நானே என்று ஆண்டவர் நினைவூட்டுகிறார். அடிமைத்தனத்தின் அநீதியை அனுபவித்தவன் பிறனுக்கு அநீதி செய்யலாகாது என்பதே இதன் கருத்து.

கிறீஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் தீர்க்கதரிசி, தம் காலத்து வியாபாரிகளைக் கடுமையாய்ச் சாடினார். அவர்கள் ஓய்வுநாளைக் கடைப்பிடித்தார்கள்; ஆனால் அது எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம் என்று காத்திருந்தார்கள். படியைச் சிறிதாக்கினார்கள், பணத்தை நிறுக்கும் கல்லைப் பெரிதாக்கினார்கள், கோதுமையோடு பதரையும் சேர்த்து விற்றார்கள். உடல் ஆலயத்திலும் மனம் கல்லாப்பெட்டியிலும் இருக்கும் நிலைக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

ஏறக்குறைய கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத சட்டநூல், இந்தக் கட்டளையைக் கடையின் அன்றாட வேலையாக மாற்றியது. சில்லறைக் கடைக்காரன் தன் அளவைப் பாத்திரங்களை வாரத்துக்கு இருமுறை துப்புரவாக்க வேண்டும். எடைக்கற்களை வாரத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். தராசுத் தட்டை ஒவ்வொரு முறை நிறுத்த பின்னும் துடைக்க வேண்டும். ஏன்? எண்ணெயோ தேனோ பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் காய்ந்தால், அடுத்த ஆள் வாங்கும் அளவு குறையும். கடைக்காரன் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் வாடிக்கையாளன் நட்டமடைவான். ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது, கவனமும் வேண்டும்.

இஸ்லாத்தின் திருமறையாகிய குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கு, அளவில் மோசம் செய்பவர்கள் என்பதே பெயராகும். பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு என்று அது தொடங்குகிறது. மத்யன் நாட்டு மக்களிடம் அனுப்பப்பட்ட சுஐபு நபி, ஒரே இறைவனை வணங்குங்கள் என்று போதித்த கையோடு, அளவையும் நிறுவையையும் நிறைவாக்குங்கள் என்றும் போதித்ததாகக் குர்ஆன் கூறுகிறது. முஸ்லிம் நகரங்களில் சந்தைகளைச் சுற்றிவந்து படிகளையும் தராசுகளையும் சோதிப்பதற்கென முஹ்தசிப் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டிருந்தார்.

3. மறைத்த குறையும் சொல்லாத உண்மையும்

எடை சரியாக இருந்தும் ஏமாற்று நடக்கலாம். முகம்மது நபி சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னான். அப்படியானால் நனைந்ததை எல்லோரும் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபிகள், ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கண்டித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மேலே நல்ல தக்காளியும் கீழே அழுகலும், மேலே பெரிய மீனும் கீழே பழைய மீனும் அடுக்குகிற கைகளுக்கு இது நேரான பாடம்.

நம் திருச்சபையின் பெரும் வேதசாஸ்திரியான புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இதே விஷயத்தை ஆராய்ந்தார். வாங்குபவனுக்குத் தீங்கோ நட்டமோ விளைவிக்கக்கூடிய மறைவான குறையை விற்பவன் வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. ஒற்றைக்கண் குதிரையைப் போல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால் வாய்திறந்து சொல்லும் கடமை இல்லை. அவர் இன்னொரு வழக்கையும் எடுத்துக்கொள்கிறார். பஞ்சம் நிலவும் ஊருக்கு ஒரு வியாபாரி தானியம் கொண்டுவருகிறான். தனக்குப் பின்னால் வேறு வியாபாரிகளும் வருவது அவனுக்குத் தெரியும்; ஊராருக்குத் தெரியாது. அதை அவன் சொல்ல வேண்டுமா? நடப்பு விலைக்கு விற்பது நீதிக்கு மாறானதல்ல. ஆனால் சொல்லிவிடுவதோ, விலையைக் குறைப்பதோ மேலான புண்ணியம் என்று புனிதர் விடை தருகிறார். நீதி என்பது கீழ்ப்படி. அன்பு அதற்கு மேற்படி என்று இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

பஞ்சத்தை எதிர்பார்த்துப் பொருளைப் பதுக்குவதை மூன்று மதங்களுமே கண்டிக்கின்றன. தானியத்தை அடக்கிவைப்பவனை மக்கள் சபிப்பார்கள் என்பது நீதிமொழி ஆகமத்தின் எச்சரிக்கை. யூத மறைவல்லுநரும் தானியம் பதுக்குவதைத் தடைசெய்தனர். நபிகளும் பதுக்குபவன் பாவியே என்றார். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நம் நாட்டு மக்கள் சமையல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாட்கணக்காய் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் பொருளைப் பின்கட்டில் வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொன்ன வாய்களும் உண்டு. இருந்ததை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்த கைகளும் உண்டு. எந்தப் பக்கம் நாம் நின்றோம் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.

வாங்குபவனுக்கும் கடமை உண்டு என்பதை மறக்கலாகாது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலை கேட்டுக் கடைக்காரனுக்கு வீண் நம்பிக்கை கொடுப்பதை மிஷ்னா தடைசெய்கிறது. ஊர்ப்புறத்திலிருந்து பொருள் கொண்டுவருவோரைச் சந்தைக்கு வருமுன்பே வழிமறித்து, சந்தை விலை அவர்களுக்குத் தெரியாத நிலையில் மலிவாக வாங்குவதை நபிகள் தடுத்தார். தோட்டத்துக்கே போய் வெங்காயத்தையும் புகையிலையையும் அடிமாட்டு விலைக்குப் பேசி முடிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

4. கூலிக்காரன் சம்பளம்

அன்றாடம் உழைப்பவனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24ஆம் அதிகாரம். அவன் ஏழை, அதை நம்பியே உயிர்வாழ்கிறான் என்பது அது காட்டும் காரணம். அவன் உன் இனத்தவனாயினும் அந்நியனாயினும் சட்டம் ஒன்றே என்பதையும் அது சேர்த்துக் கூறுகிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் புனித யாகப்பர் தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் செல்வரை எச்சரிக்கிறார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்னும் கருத்துள்ள நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை எனலாம்.

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி தொழிலாளர் நிலைபற்றி வெளியிட்ட புகழ்பெற்ற நிருபத்தில் இந்தப் பழைய கட்டளையை ஆலைகளின் காலத்துக்குப் பொருத்தினார். இருவரும் சம்மதித்துப் பேசிய சம்பளம் என்பதால் மட்டும் அது நீதியான சம்பளமாகிவிடாது. வேறு வழியின்றிப் பட்டினிக்குப் பயந்து ஒருவன் சம்மதித்திருந்தால், அவன் வன்முறைக்கு உள்ளானவனே என்று அவர் போதித்தார். பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் மனித உழைப்பைப் பற்றி எழுதிய நிருபத்தில், மூலதனத்தை விட உழைப்புக்கே முதலிடம் என்று வலியுறுத்தினார்.

நாம் தொழிற்சாலை முதலாளிகள் அல்லவே என்று ஒதுங்கிவிட முடியாது. வீட்டு வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். வளவு துப்புரவாக்க ஒருவர் வருகிறார். மதில் கட்ட மேசன் வருகிறார். "பிறகு வா, சில்லறை இல்லை" என்று நாம் சொல்லும் அந்த ஒரு நாள், அவர் வீட்டில் அடுப்பு எரியாத நாளாக இருக்கலாம்.

5. கடனும் வட்டியும்

இனி எல்லாவற்றிலும் கடினமான விஷயத்துக்கு வருவோம். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால், சூரியன் மறையுமுன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; இரவில் வேறு எதைப் போர்த்திக்கொண்டு உறங்குவான் என்று ஆண்டவர் கேட்கிறார். மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்கக்கூடாது என்கிறது உபாகமம். ஏனெனில் அது அவன் பிழைப்புக்குரிய கருவி.

திருச்சபையும் நீண்டகாலமாக வட்டியை முற்றாகக் கண்டித்தது. 325ஆம் ஆண்டு நிசேயா சங்கம் குருமார் வட்டி வாங்குவதைத் தடைசெய்தது. 1179ஆம் ஆண்டின் மூன்றாவது லாத்தரன் சங்கம், பகிரங்க வட்டிக்காரருக்கு நற்கருணையையும் கிறீஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. கண்டனத்தோடு நின்றுவிடாமல், பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் 1462ஆம் ஆண்டு இத்தாலியின் பெரூஜியா நகரில் ஏழைகளுக்கான அடகு நிதியமொன்றைத் தொடங்கினார்கள். நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்கிய இத்தகைய நிதியங்களை ஐந்தாவது லாத்தரன் சங்கம் 1515ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் பணம் தொழில் முதலீடாகப் பயன்படத் தொடங்கியபோது, நியாயமான வட்டிக்கும் அறாவட்டிக்கும் இடையே திருச்சபை வேறுபாடு கண்டது. ஏழையின் இக்கட்டைப் பயன்படுத்திக் கொழுப்பது அன்றும் பாவம், இன்றும் பாவம்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று உண்மையையும் நேர்மையோடு சொல்லவேண்டும். மத்திய கால ஐரோப்பாவில் கிறீஸ்தவர்கள் யூதர்களைப் பல இடங்களில் நிலவுடைமையிலிருந்தும் கைத்தொழிற் சங்கங்களிலிருந்தும் விலக்கி, வட்டித் தொழிலுக்குள் தள்ளினார்கள். பின்னர் வட்டிக்காரர் என்று அவர்களையே வெறுத்தார்கள். ஓர் இனத்தைப் பற்றிய பழிச்சொல்லை நாம் திரும்பச் சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும்.

இஸ்லாம் வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடைசெய்கிறது. அதற்குப் பதிலாக, ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் இட்டு இலாபத்தைப் பேசியபடி பங்கிடும் முறையை அது ஊக்குவிக்கிறது. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் தவணை கொடுங்கள், தள்ளிவிடுவது அதனிலும் மேல் என்பது குர்ஆன் 2ஆம் அத்தியாயத்தின் போதனை. அதே அத்தியாயத்தில் வரும் மிக நீண்ட வசனம், கடனைச் சாட்சிகளோடு எழுதிவைக்கும்படி கட்டளையிடுகிறது. உறவுக்குள் எழுத்து எதற்கு என்று சொல்லிப் பின்னர் உறவையே முறித்துக்கொள்ளும் நமக்கும் இது நல்ல புத்திமதி.

நம் கரையோரக் கிராமங்களில் வலையும் படகும் வாங்கக் கடன் கொடுத்த முதலாளிக்கே மீனை, அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் கடற்றொழிலாளர் பலர் உள்ளனர். யுத்தத்துக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வாங்கிய பெண்கள் பட்ட துயரையும் அறிவோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அத்தகைய கடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. திரிகைக் கல்லை ஈடு வாங்காதே என்ற கட்டளை மூவாயிரம் ஆண்டு பழசு என்று யார் சொல்ல முடியும்?

6. திருப்பிக் கொடுத்தல்

தவறு செய்தபின் மனஸ்தாபப்பட்டால் போதுமா? சக்கேயுவைப் பாருங்கள். யேசுநாதர் தன் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் அவன் வெறும் கண்ணீரோடு நிற்கவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தான். அதன் பின்னரே, இன்று இவ்வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்றென்று ஆண்டவர் அறிவித்தார். களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனின் பாவசங்கீர்த்தனம் நிறைவானதல்ல என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம்.

நூறு பேருக்குச் சிறிது சிறிதாக எடை குறைத்தவன் யாருக்கென்று திருப்பிக் கொடுப்பான்? யூத மறைவல்லுநர் இதற்கு வழி சொன்னார்கள்: பொதுமக்களுக்குப் பயன்படும் நீர்த்தொட்டி போன்றவற்றை அமைத்துக் கொடுக்கட்டும். நட்டமடைந்தவரைக் கண்டுபிடிக்க முடியாவிடில் ஏழைகளுக்குக் கொடுக்கும்படி புனித தோமஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். இஸ்லாத்தின் எச்சரிக்கையோ நெஞ்சை உலுக்குவது. தொழுகையும் நோன்பும் நிறைய வைத்திருந்தும் பிறர் பொருளைத் தின்றவன், தீர்ப்பு நாளில் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பறிகொடுத்து நிற்பான். அவனே உண்மையான ஓட்டாண்டி என்பது நபிமொழியின் கருத்து.

யுத்த காலத்தில் எத்தனையோ வீடுகளும் கடைகளும் ஆளின்றிக் கிடந்தன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறைகளாய் நடத்திய கடைகளை விட்டுச் சென்றார்கள். எந்த இனத்தவர் விட்டுச்சென்ற பொருளானாலும், அது இன்று யார் கையில் இருந்தாலும், சக்கேயுவின் கேள்வி அங்கே காத்திருக்கிறது.

கிறீஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த யூத அறிஞர் சிமியோன் பென் ஷெத்தாக் பற்றி ஒரு வரலாறு உண்டு. அவருடைய சீடர்கள் ஓர் அராபியனிடம் அவருக்காகக் கழுதையொன்றை வாங்கினார்கள். அதன் கழுத்தில் விலையுயர்ந்த மணியொன்று இருந்தது. சீடர்கள் மகிழ்ந்தார்கள். அவரோ, தாம் வாங்கியது கழுதையைத்தான், மணியை அல்ல என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த அராபியன் வாயாரப் போற்றியது சிமியோனை அன்று, சிமியோனின் இறைவனையாம்.

7. நான்கு தூண்கள்

1984ஆம் ஆண்டு தொடக்கம் கிறீஸ்தவ, யூத, முஸ்லிம் அறிஞரும் வர்த்தகரும் பலமுறை கூடி உரையாடினர். அதன் பலனாக 1993ஆம் ஆண்டில் ஜோர்தானின் தலைநகர் அம்மானில் சர்வதேச வர்த்தகத்துக்கான ஒழுக்கக் கோவையொன்று உருவானது. மூன்று மதங்களுக்கும் பொதுவான நான்கு தத்துவங்களை அது எடுத்துக்காட்டுகிறது. அவை நீதி, ஒருவரையொருவர் மதித்தல், பொறுப்பாண்மை, நேர்மை என்பன. நாம் இதுவரை பார்த்த யாவும் இந்நான்கினுள் அடங்கும். தராசில் நேர்மை; கூலியில் நீதி; கடன்காரனிடத்தில் மதிப்பு; இவை எல்லாவற்றுக்கும் அடியில், பொருள் இறைவனுடையது என்ற பொறுப்புணர்ச்சி.

அன்பான வாசகர்களே, நம் அயலிலுள்ள முஸ்லிம் கடைக்காரரும் நாமும் ஒரே ஆலயத்தில் செபிப்பதில்லை. ஆனால் ஒரே தராசின் முன் நிற்கிறோம். அதன் முள்ளைப் பார்ப்பவர் ஒரே இறைவன்.

குடும்பத்தில் கலந்துரையாடுவதற்கு:

(அ) நம் வீட்டில் வேலை செய்தவர் எவருக்காவது கூலி பாக்கி இருக்கிறதா? எப்போது கொடுப்போம்?

(ஆ) நாம் விற்ற பொருளில், வாகனத்தில், காணியில் சொல்லாமல் மறைத்த குறை ஏதும் உண்டா?

(இ) நம்மிடம் கடன்பட்டவர் இக்கட்டில் இருந்தால் தவணை கொடுக்கிறோமா? கடன் கொப்பியில் அடித்துவிடக்கூடிய பெயர் ஒன்றாவது இருக்கிறதா?

(ஈ) கைமாற்றாக வாங்கிய பணத்தை, திருப்பிக் கொடுக்க வசதி இருந்தும் இழுத்தடிக்கிறோமா?

(உ) நம்முடையதல்லாத பொருள் ஏதேனும் நம் வளவுக்குள் இருக்கிறதா?

இக்கேள்விகளில் ஒன்றுக்கேனும் இவ்வாரம் செயலில் விடை கொடுப்போமாக.